அந்த மாடு சாயங்காலம் வீடு திரும்புமா?

மாட்டு டாக்டர் பதில்கள்

போன இதழில் கொலம்பியாவைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். 2024-இல் அந்த நாட்டு நாடாளுமன்றம் ஸ்பெயின் பாணிக் காளைப்போரைத் தடை செய்து சட்டம் போட்டது. அந்தத் தொழிலை நம்பி இருப்பவர்கள் வேறு பிழைப்புக்கு மாற அவகாசம் கொடுத்திருக்கிறார்கள், 2027-இல்தான் தடை முழுதாக வரும். “நல்ல காரியம்” என்று எழுதி முடித்திருந்தேன். அந்த இரண்டு சொல்லுக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. வழக்கமாக மடிநோய், கோமாரி, சினை நிற்கவில்லை என்று எழுதுகிறவர்கள்கூட இந்த முறை சண்டைக்கு வந்திருக்கிறார்கள். அதனால் இந்த இதழில் கறவை மாடுகளுக்கு விடுமுறை.

டாக்டர் ஐயா, ஸ்பெயின்காரன் செய்தால் கொடுமை, நாம் செய்தால் வீரமா? 2017-இல் மெரினாவில் போய் உட்கார்ந்தவள் நான். இப்போது என் மகளே என்னை இப்படிக் கேட்கிறாள். என்ன சொல்வது என்று தெரியவில்லை.
– குடும்பத் தலைவி, கும்பகோணம்

அம்மா, நான் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன்.

2019 மே மாதம் மாட்ரிட்டில் மகள் வீட்டில் இருந்தேன். அப்போது அங்கே சான் இசித்ரோ திருவிழா. நம்மூர் சித்திரைத் திருவிழா மாதிரி ஊரே அதிலேதான் கிடக்கும், கிட்டத்தட்ட தினமும் காளைப்போர் உண்டு. மகள் “நான் வரவே மாட்டேன்” என்றுவிட்டாள். மாப்பிள்ளை துணைக்கு வந்தார். லாஸ் வென்டாஸ் என்று பெரிய செங்கல் அரங்கம், 1931-இல் திறந்தது. இருபத்து மூவாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். நிழல் பக்கம் டிக்கெட் விலை கூடுதல், வெயில் பக்கம் குறைச்சல். மதுரைக்காரனுக்கு மே மாதத்து மாட்ரிட் வெயில் ஒரு வெயிலா? வெயில் பக்கமே வாங்கினோம். உட்காருவது கல்படி, திண்டு வாடகைக்குக் கிடைக்கிறது.

ஒரு மாலைக்கு மூன்று வீரர்கள், ஆறு காளைகள். ஒவ்வொரு காளை வருவதற்கு முன்னும் அதன் பெயர், எடை, எந்தப் பண்ணை என்று எழுதிய பலகையைக் காட்டுகிறார்கள். எல்லாம் நாலு வயதுக்கு மேல், ஐந்நூறு கிலோவைத் தொட்டு நிற்பவை. முதல் காளை கதவைத் தாண்டி ஓடி வந்தபோது, முப்பத்தெட்டு வருஷம் மாடு பார்த்த எனக்கே மூச்சு நின்றுவிட்டது. பக்கத்தில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்து, ஒரு கைப்பிடி விதை நீட்டினார்.

அப்புறம் குதிரைமேல் ஈட்டிக்காரர் வந்தார். குதிரைக்குக் கண் கட்டு, உடம்பெல்லாம் மெத்தைக் கவசம். இந்தக் கவசமே 1928-இல்தான் கட்டாயமானது. அதற்கு முன் ஒரே மாலையில் மாடுகளைவிடக் குதிரைகள் அதிகம் குடல் சரிந்து செத்த நாட்கள் உண்டு. ஈட்டி இறங்குகிற இடம் மாட்டின் பிடரிச் சதை. ஐரோப்பிய மாட்டுக்கு நம் நாட்டு மாடு போலத் திமில் கிடையாது, ஆனால் இந்தப் போர்க்காளைகளுக்குக் கோபம் வந்தால் பிடரி மேடாகப் புடைத்துக்கொள்கிறது. நம் திமிலுக்குக் கொஞ்சம் முன்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடிவாசலில் நம் பையன்கள் கட்டிப்பிடிப்பதற்கு ஒரு சாண் தள்ளி அங்கே இரும்பு இறங்குகிறது.

வைத்தியனாக ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் குத்து வெறும் ஆத்திரத்துக்காக இல்லை, அதற்கு வேலை இருக்கிறது. தலையைத் தூக்கி நிறுத்துகிற தசைகளை அறுத்தால் மாடு தலையைத் தாழ்த்தித்தான் நிற்கும். தலை தாழ்ந்தால்தான் கடைசியில் மனிதன் கொம்புக்கு மேலே கையை நீட்டி வாளைச் செருக முடியும். அடுத்து முள் வைத்த குச்சிகளை ஜோடி ஜோடியாகச் செருகுகிறார்கள். கடைசியில் சிவப்புத் துணியும் வாளும். வாள் சரியாக இறங்கினால் பெரிய இரத்தக்குழாய் அறுந்து சீக்கிரம் முடியும். நான் பார்த்த ஆறில் இரண்டு அப்படி முடிந்தன. மற்றவற்றுக்கு வாள் நுரையீரலில் போனது, அல்லது எலும்பில் பட்டுத் தெறித்தது. வாயிலும் மூக்கிலும் இரத்தம் நுரைத்து வந்தால் அது என்ன என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. விழுந்த மாட்டுக்குத் தலைக்குப் பின்னால் குத்துவாளால் தண்டுவடத்தை அறுக்கிறார்கள். மணி கட்டிய கோவேறு கழுதைகள் வந்து இழுத்துப் போகின்றன. மண்ணைச் சமன் செய்கிறார்கள். வாத்தியம் வாசிக்கிறார்கள். அடுத்த காளை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. மூன்றாவது காளையோடு இறங்கிய இளைஞன் காலை அசைக்காமல் நின்றான். மாடு அவன் இடுப்பை உரசிக்கொண்டு சுற்றியது. அரங்கம் மொத்தமும் ஒரே குரலில் “ஓலே” என்றது. நானும் எழுந்து நின்றுவிட்டேன். கை தட்டினீர்களா என்று மாப்பிள்ளை கேட்டால் இன்றைக்கும் பேச்சை மாற்றிவிடுவேன். அழகு இருக்கிறது அம்மா. இல்லை என்று சொல்பவர் பார்க்காதவர்.

உங்கள் மகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: அந்த மாடு சாயங்காலம் வீடு திரும்புமா என்று கேட்கச் சொல்லுங்கள். அங்கே திரும்பாது. சாவு அங்கே விபத்து இல்லை, நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. நம் ஜல்லிக்கட்டில் மாடு பிடிபட்டாலும் பிடிபடாவிட்டாலும் அவிழ்த்த ஆள் கயிற்றோடு அந்தப் பக்கம் காத்திருக்கிறார், லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்த் தவிடு வைக்கிறார். நான் காண்கிற வித்தியாசம் அதுதான். வீரம், பழமை, பண்பாடு எல்லாம் ஸ்பெயின்காரர்களும் நம்மைப்போலவே பேசுகிற பேச்சு.

ஆனால் அதோடு நாம் தப்பித்துவிட முடியாது. 2014 மே 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தடை போட்டபோது தீர்ப்பில் வால் முறுக்குவது, கண்ணில் எரிச்சல் தருவதைப் போடுவது எல்லாம் எழுதியிருந்தது. “பொய்” என்று ஊரே கத்தியது. அதற்குச் சில வருஷம் முன்பு ஒரு ஊர் வாடிவாசலுக்கு என்னை மாடு பரிசோதிக்க அனுப்பியிருந்தார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். ஒரு காளைக்கு வால் எலும்பு விலகி, தொட்டாலே உதைத்தது. கண்ணிலிருந்து தண்ணீர் நிற்காமல் ஓடியது. “வேண்டாம்” என்று எழுதப் பேனாவை எடுத்தேன். “டாக்டரே, ஊரே காத்திருக்கு” என்றார் ஒருவர். தகுதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆகையால் மெரினாவில் நீங்கள் உட்கார்ந்தது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். அன்றைக்கு என் பேனா செய்தது தப்பு.

சிவப்பைப் பார்த்தால் காளைக்கு வெறி வருமாமே?
– வாசகர், நாமக்கல்

வராது. மாட்டுக்குச் சிவப்பு நிறம் நமக்குத் தெரிவதுபோல் தெரியாது. துணி ஆடுவதைப் பார்த்துத்தான் முட்டுகிறது. முதல் சுற்றில் அவர்கள் வீசுவது பெரும்பாலும் இளஞ்சிவப்பும் மஞ்சளுமான பெரிய போர்வை, அதற்கும் அதே கோபத்தோடுதான் வருகிறது. கடைசித் துணி சிவப்பாக இருப்பதில் ஒரு சௌகரியம், இரத்தக்கறை அதிகம் தெரியாது. ஜல்லிக்கட்டுக்குச் சிவப்புச் சட்டை போட்டுப் போகலாமா என்று சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. தடுப்புக்கு வெளியே நின்றால் சரி.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி சாப்பிடுகிறவர்தானே நீங்கள்? அந்தக் காளை நாலைந்து வருஷம் காட்டில் ராஜாவாக மேய்ந்துவிட்டு இருபது நிமிஷம் சண்டை போட்டுச் சாகிறது. கறிக்கு வளர்க்கிற மாடு ஒன்றரை வயதில், வெயிலே பார்க்காமல் சாகிறது. எது கொடுமை?
– பொறியியல் பட்டதாரி, கோவை

தம்பி, வந்த கடிதங்களில் என்னைத் தூங்கவிடாதது உங்களுடையதுதான். சாப்பிடுகிறேன். போன ஞாயிறும் சாப்பிட்டேன்.

நீங்கள் சொல்கிற பாதி உண்மை. தெற்கு, மேற்கு ஸ்பெயினில் கருவாலி மரங்கள் நிற்கிற பெரிய மேய்ச்சல் காடுகள் உண்டு, தெஎஸா என்பார்கள். மாப்பிள்ளை காரில் கூட்டிப்போய் வேலிக்கு வெளியே நின்று காட்டினார். ஒரு மாட்டுக்கு அவ்வளவு இடத்தை நம்மூரில் எந்தப் பணக்காரரும் விட்டதில்லை. தரையில் நடந்து வரும் மனிதனோடு பழக்கமில்லாமல், குதிரைமேல் வருபவனை மட்டும் பார்த்து வளர்கிறது. துணிச்சல் தாயிடமிருந்து வருகிறது என்று நம்பி, பசுக்களைச் சோதித்துத்தான் இனம் பெருக்குகிறார்கள். காளைப்போர் நின்றால் இந்த இனம் போகும், காடு போகும் என்று பண்ணைக்காரர்கள் சொல்வதை நான் ஒதுக்கமாட்டேன். காங்கேயமும் புலிக்குளமும் ஜல்லிக்கட்டு இல்லாவிட்டால் போய்விடும் என்று நாமும் அதைத்தான் சொன்னோம்.

ஆனால் ஒரு கணக்கு இடிக்கிறது. நாலு வருஷம் நன்றாக வைத்திருந்ததற்குக் கூலியாகக் கடைசி இருபது நிமிஷத்தை எப்படி வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றால், வீட்டில் செல்லமாக வளர்த்த நாய்க்கும் அதே கணக்குப் போடலாம் அல்லவா? மாட்டுக்கு இரண்டும் தனித்தனி. நல்லது நல்லதுதான், வலி வலிதான். அங்கே ஒரு கால்நடை மருத்துவப் பேராசிரியர், சண்டை நேரத்தில் மாட்டின் உடம்பில் வலி அடக்கும் சுரப்பு ஏராளமாகச் சுரக்கிறது, அதனால் அதிகம் வலிக்காது என்று அளந்து காட்டியிருக்கிறார். மறுத்தவர்களும் உண்டு. எனக்குத் தோன்றுவது எளிது: வலி இல்லாத உடம்பு வலி அடக்கியைச் சுரக்க வேண்டிய அவசியம் என்ன?

என் ஆட்டுக்கறி விஷயத்துக்கு வருகிறேன். கசாப்புக் கடையில் ஆடு வலியில்லாமல் சாகிறது என்று நான் சொல்லவில்லை. நான் பார்த்த சில இறைச்சிக்கூடங்களைப் பற்றி எழுதினால் ஆசிரியர் அச்சிடமாட்டார். ஆனால் அங்கே வலியைக் குறைக்கச் சொல்லி நான் சண்டை போடலாம், போட்டும் இருக்கிறேன். வலி குறைந்தால் கறிக்கு ஒன்றும் குறையாது. காளைப்போரில் வலியை எடுத்துவிட்டால் நிகழ்ச்சியே இல்லை. இருபத்து மூவாயிரம் பேர் டிக்கெட் வாங்கியது அதைப் பார்க்கத்தான்.

இந்தப் பதில் உங்களுக்கு முழுத் திருப்தி தராது என்று தெரியும். எனக்கும் தரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரும்.

கோயா, பிக்காசோ போன்ற மேதைகள் எல்லாம் காளைப்போரைக் கொண்டாடி வரைந்தார்களே?
– ஓவிய ஆசிரியர், புதுச்சேரி

வரைந்தார்கள். கோயா போரையும் வரைந்தார், துண்டு துண்டாகக் கிடக்கும் மனித உடம்புகளோடு. அதற்காகப் போர் தொடர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

போர்ச்சுகல்லில் மாட்டைக் கொல்வதில்லையாம். ஸ்பெயினும் அப்படி மாறினால் உங்களுக்குச் சம்மதமா?
– வங்கி ஓய்வூதியர், திருநெல்வேலி

ஐயா, போர்ச்சுகல்லில் பொதுவாக அரங்கத்துக்குள் கொல்வதில்லை என்பது சரி. குதிரைமேல் இருந்து முள்குச்சிகளைக் குத்துகிறார்கள். பிறகு எட்டுப் பேர் வரிசையாக நிற்க, முன்னால் நிற்பவர் வெறுங்கையோடு கொம்புகளுக்கு நடுவே பாய்ந்து மாட்டைத் தழுவுகிறார். நம் அவனியாபுரத்துப் பையன்கள் பார்த்தால் கை கொடுப்பார்கள். ஆனால் மாடு உள்ளே போனபிறகு முள்களைப் பிடுங்கி, காத்திருக்க வைத்து, அப்புறம் இறைச்சிக்கூடத்தில் அறுக்கிறார்கள். பார்க்கிறவர்களுக்குச் சாவு தெரியாமல் இருக்கிறது, மாட்டுக்கு என்ன லாபம்? புண்ணோடு காத்திருக்கும் நேரம் கூடுகிறது. என்னைக் கேட்டால் இது ஸ்பெயினைவிட மோசம்.

நீங்கள் தேடுவது பிரான்ஸின் தெற்கே இருக்கிறது. ஸ்பெயின் மாதிரிக் கொல்கிற காளைப்போரும் நீம், ஆர்ல் போன்ற ஊர்களில் உண்டு. ‘இடைவிடாத உள்ளூர் மரபு’ இருக்கிற இடங்களுக்கு மட்டும் அந்த நாட்டுச் சட்டம் விலக்குக் கொடுக்கிறது. ஆனால் அதே பக்கத்தில் காமார்க் என்ற சதுப்பு நிலத்தில் வேறு ஒரு ஆட்டம் நடக்கிறது. மாட்டின் கொம்புகளுக்கு நடுவே சின்ன ரிப்பனும் நூற்குஞ்சங்களும் கட்டிவிடுகிறார்கள். வெள்ளை உடை போட்ட ஆட்கள் ஓடி வந்து அதைப் பறிக்க வேண்டும். மாடு துரத்த, தடுப்பைத் தாண்டிக் குதிக்கிறார்கள். ஒரு மாட்டுக்குப் பதினைந்து நிமிஷம்தான், பிறகு வீட்டுக்குப் போய்விடுகிறது. அடுத்த வருஷமும் வரும். கொம்பில் சல்லிக்காசு கட்டி விளையாடியதால்தான் ஜல்லிக்கட்டு என்று பெயர் வந்தது என்று நம்மூரில் சொல்கிறோமே, அதை ஒரு வெள்ளைக்காரக் கிராமத்தில் பார்ப்பது போலிருக்கும்.

இதில் எனக்குப் பிடித்தது, சுவரொட்டியில் மாட்டின் பெயர்தான் பெரிதாக இருக்கும். பேர் எடுத்த காளைகள் வயதாகிச் செத்தால் சமாதி கட்டுகிறார்கள். ‘காட்டுப்பன்றி’ என்று பட்டப்பெயர் வாங்கிய ஒரு காளை 1933-இல் செத்தது, லெ கைலார் என்ற ஊரில் அதற்குக் கல்லறை இருக்கிறது. அலங்காநல்லூர்ப் பக்கம் கோயில்காளை செத்தால் மாலை போட்டு ஊரே கூடிப் புதைக்கிறோம். அவர்களிடம் இதைச் சொன்னால் ஆச்சரியப்படமாட்டார்கள்.

கடைசியாகக் கேட்கிறேன், தடை செய்ய வேண்டுமா வேண்டாமா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.
– வழக்கறிஞர், மதுரை

மாட்டைக் குத்துவதையும் கொல்வதையும் தடை செய்ய வேண்டும். சரியா? இனி கொஞ்சம் சுற்றி வளைக்கிறேன்.

தடை போடுவது புதிதில்லை. 1567-இல் போப்பாண்டவர் ஐந்தாம் பயஸ், காளைப்போர் நடத்த விடுகிற அரசர்களைத் திருச்சபையிலிருந்தே தள்ளிவைப்பேன், அதில் செத்தவருக்குத் திருச்சபை அடக்கம் கிடையாது என்று ஆணையிட்டார். அந்தக் காலத்து ஸ்பெயினில் அதைவிடப் பெரிய மிரட்டல் கிடையாது. ஆடிக்கொண்டேதான் இருந்தார்கள். எட்டு வருஷத்தில் அடுத்த போப்பாண்டவரே தளர்த்திவிட்டார்.

இந்தக் காலத்துக் கதை கட்டலோனியா, ஸ்பெயினில் பார்சிலோனா இருக்கிற மாகாணம். ஒரு லட்சத்து எண்பதாயிரம் கையெழுத்தோடு மனு போய், 2010 ஜூலையில் அந்த மாகாண மன்றம் 68-க்கு 55 என்ற கணக்கில் தடை போட்டது. 2011 செப்டம்பரில் பார்சிலோனாவில் கடைசிக் காளைப்போர் நடந்தது. கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? ஆனால் கொம்பில் தீப்பந்தம் கட்டி மாட்டைத் தெருவில் ஓடவிடுகிற அவர்களுடைய சொந்த விளையாட்டுக்கு அதே மன்றம் அதே வருஷம் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தது. மாட்ரிட்காரர்களின் வழக்கம் கொடுமை, எங்கள் வழக்கம் மரபு. இந்தத் தடையில் மாட்டின்மேல் இருந்த பாசம் எவ்வளவு, மாட்ரிட்மேல் இருந்த கோபம் எவ்வளவு என்று அங்கேயே கேட்டார்கள். 2013-இல் ஸ்பெயின் நாடாளுமன்றம் காளைப்போரைப் பண்பாட்டுச் சொத்து என்று சட்டம் செய்தது. 2016-இல் அரசியல் சாசன நீதிமன்றம், ஒரு மாகாணம் இதை முழுதாகத் தடை செய்ய முடியாது என்று கட்டலோனியாவின் தடையை ரத்து செய்தது.

வழக்கறிஞரான உங்களுக்கு இது பழகிய பாதையாகத் தெரியும். 2014 தடை, 2017 ஜனவரி அவசரச் சட்டம், 2023 மே 18-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஜல்லிக்கட்டு பண்பாடு என்று சட்டமன்றம் சொன்னால் அதில் நீதிமன்றம் தலையிடாது என்றது. ‘பண்பாடு’ என்ற சொல் இரண்டு நாட்டிலும் மாட்டுக்காக வழக்காடவில்லை, நமக்காகத்தான் வழக்காடியது.

ஆனால் பார்சிலோனாவில் ஒரு வேடிக்கை. தடை போய்விட்டது, அரங்கம் அங்கேயேதான் நிற்கிறது, காளைப்போர் திரும்பவில்லை. தடைக்கு முன்பே ஊர் அதை விட்டு நகர்ந்துகொண்டிருந்தது. ஸ்பெயின் முழுக்கவே, 2007-இல் அரசாங்கக் கணக்குப்படி 3,600-க்கும் மேல் நடந்த நிகழ்ச்சிகள் 2019-இல் 1,500-க்கும் கீழே வந்துவிட்டன. என்னோடு லாஸ் வென்டாஸில் விதை கொறித்த பெரியவர், தன் பேரன் கால்பந்துக்குத்தான் போகிறான் என்று அலுத்துக்கொண்டார்.

எனக்குப் பிடித்த வழி மெக்சிகோ நகரத்துடையது. 2025 மார்ச்சில் அந்த நகர மன்றம், காளையை அரங்கத்துக்குள்ளும் வெளியிலும் கொல்லக் கூடாது, வாளும் முள்ளும் ஈட்டியும் கூடாது, கொம்புக்கு உறை மாட்ட வேண்டும் என்று விதி செய்தது. உலகத்திலேயே பெரிய காளைப்போர் அரங்கம் இருக்கிற ஊர் அது. “அப்படியானால் இது காளைப்போரே இல்லை” என்று அந்தத் தொழிலில் இருப்பவர்கள் கொதித்தார்கள். அவர்கள் சொல்வது சரிதான். நான் வேண்டுவதும் அதுதான்.

அந்த மாடு ஜெயித்தால் என்ன ஆகும்?
– ஏழாம் வகுப்பு மாணவன், வாடிப்பட்டி

தம்பி, நீ கேட்டதை இத்தனை பெரியவர்களில் ஒருவரும் கேட்கவில்லை.

மனிதனை முட்டிவிட்டாலும் மாடு பிழைக்காது. 1947 ஆகஸ்டில் லினாரெஸ் என்ற ஊரில் மனோலேத்தே என்ற மிகப் பெரிய வீரர் வாளைச் செருகிய அதே நொடியில் இஸ்லெரோ என்ற காளை அவர் தொடையைக் கிழித்தது. காளை அங்கேயே செத்தது, அவர் மறுநாள் விடிவதற்குள் இறந்தார். இரண்டு பேருமே தோற்றார்கள்.

ஒரே ஒரு வழி உண்டு. காளை அசாத்தியத் துணிச்சலோடு சண்டை போட்டால் கூட்டம் வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டிக் கேட்கும். நடுவர் ஆரஞ்சு நிறக் கைக்குட்டையைத் தொங்கவிட்டால் மன்னிப்பு. காளை உயிரோடு உள்ளே போகும். என்னைப் போன்ற மாட்டு டாக்டர்கள் புண்ணைக் கழுவி, மருந்து வைத்து, பிழைத்தால் பண்ணைக்கு அனுப்புவார்கள். அது அபூர்வம். அந்த நடுவர் பக்கத்தில் ஆலோசனை சொல்ல ஒரு மாட்டு டாக்டரும் உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு நான் அவரைத்தான் அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு காளைக்கும் ஆரஞ்சுக் கைக்குட்டை வெளியே வரவில்லை.

உங்கள் வீட்டில் கன்று வளர்க்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறாய். பெயர் எழுதவில்லையே? பருத்திக்கொட்டை வைத்தால் இரவே ஊறப்போட்டுவிடு. வாலை மட்டும் யாரையும் முறுக்க விடாதே.